சேற்றின் வயது

பழைய எலும்பு ஒன்று கையில் அகப்பட்டால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வருசம் இருக்கும்?’ என்பது. எந்த விலங்கு என்பதுகூட இரண்டாவதாகத்தான் வரும். எங்கே கிடந்தது, எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் மேலே இருந்தது, கூட என்னென்ன கிடந்தன என்று கேட்பவர் அபூர்வம். எடுத்தவருக்கே அது நினைவில் இருப்பதில்லை. எடுத்த சந்தோஷத்தில் இடம் மறந்துபோயிருக்கும். கல், காசு, ஓடு, எலும்பு என்று பொறுக்கிச் சேர்க்கும் ஆர்வலர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் அவர்களுடைய அலமாரிகளுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு சங்கடம் வந்து ஒட்டிக்கொள்கிறது. புதுச்சேரிப் பக்கத்து வானூரையும் மரக்காணத்தையும் நினைத்தால் அது இன்னும் கூடுகிறது. மரக்காணத்து உப்பளச் சேற்றிலிருந்து ஒருவர் எதையோ தூக்கிக்கொண்டு வந்து, ‘திமிங்கல எலும்புங்க, கல்லாயிருச்சு’ என்று நீட்டினால் என்ன பதில் சொல்வது? அவர் கேட்கிற கேள்விக்கு, அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, பதில் என்று ஒன்று இருக்கிறதா?

மரத்துக்கும் எலும்புக்குமான குழப்பம் இந்தப் பக்கத்தில் புதிதில்லை. வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரைத் திருவக்கரையில், செம்மண் மேட்டில் கல்மரங்கள் கிடக்கின்றன. சொன்னெராத் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781இல் அவற்றைப் பதிவு செய்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்பதற்கு அந்த மொட்டைத்தனமே சாட்சி. வெயில் ஏறிய பிறகு தொட்டால் சுடும். பிளந்த முகத்தில் விரலை ஓட்டினால் நார் தட்டுப்படும், ஆண்டு வளையம் போன்ற ஒன்று தட்டுப்படும். ஆனால் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் அவற்றில் சில மரமாகத் தெரிவதில்லை. மூட்டு உடைந்த தொடையெலும்பாகத் தெரிகின்றன. ஊர்க்கதை அப்படித்தான் சொல்கிறது: பெருமாள் கொன்ற அசுரனின் எலும்புகள் அவை என்பார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. பெரியது, கனமானது, கல்லானது, இன்று நடமாடும் எதற்கும் பொருந்தாதது என்று கண்ணால் கண்ட நான்கு சங்கதிகளிலிருந்து எடுத்த நேர்மையான முடிவுதான் அது. இதே கரையில், மரக்காணத்தை ஒட்டியிருந்ததாக ஆய்வாளர்கள் கருதும் எயிற்பட்டினத்தில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகளைச் சிறுபாணாற்றுப்படையின் நத்தத்தனார் தூங்கும் ஒட்டகங்களாகப் பார்த்தார். அவர் ஒட்டகத்தை எங்கே கண்டார் என்பது தனிக் கதை. கரையில் கிடக்கும் மரத்தைப் பார்த்து விலங்கை நினைப்பது இங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்பதற்காகச் சொன்னேன்.

ஊர்க்காரர்கள்தான் இப்படி, படித்தவர்கள் தப்பமாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருக்கலாம் என்று பேச்சு. கொஞ்ச நாளில் வேறு ஆய்வாளர்கள் சந்தேகம் எழுப்பினார்கள்: இது எலும்புதானா, கல்லான அடிமரமா? எடுத்துப் பார்த்துத் தீர்த்துவிடலாமே என்றால் எடுப்பதற்குப் பொருள் இல்லை. அந்த எலும்புகள் ஈரத்தில் உதிர்ந்து மண்ணாகிவிட்டன. பிறகு 2022இல், தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்கள் சிலவற்றை வெளியிட்டு, எலும்புதான் என்று வாதாடினார்கள். நிலத்தில் கிடந்த நிலையில், சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து எடுத்த படங்கள் அவை. பொருள் போய்விட்டது, அது கிடந்த விதம் மட்டும் காகிதத்தில் மிஞ்சி, வழக்கை இன்றுவரை தாங்கிக்கொண்டிருக்கிறது. அலமாரியில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பொருள் பத்திரமாக இருக்கிறது, வார்னிஷ் அடித்து. கிடந்த விதம்தான் போய்விட்டது.

வானூர்ப் பக்கத்துக்குப் பொறுக்கிச் சேர்ப்பவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது, அதுவும் அலமாரிக்கதைதான். 1840களின் தொடக்கத்தில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரியைச் சுற்றிச் சேதராப்பட்டு, வழுதாவூர் நிலங்களில் கல்லான சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். தொழில்முறைப் புவியியலாளர்கள் அல்லர். அரசாங்க வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் குனிந்து பார்த்தவர்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை வரைந்து, பெயரிட்டு, 1846இல் பெரிய அறிக்கையாக எழுதினார். புதுச்சேரிக் கற்களைக் கிரிட்டேசியஸ் காலத்தின் கீழ்ப்பகுதியில் வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அல்சித் தோர்பினி என்ற இயற்கையியலாளர் பிரான்சில் உட்கார்ந்துகொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன புதுச்சேரிக் கற்களைப் பார்த்து, அவை அக்காலத்தின் மேல்பகுதியைச் சேர்ந்தவை என்றார். நடுவில் கோடிக்கணக்கான ஆண்டுகள். இருவரும் மேதைகள், இருவரும் சேதராப்பட்டு மண்ணை மிதிக்காதவர்கள். தோர்பினி சொன்னதே சரி என்று பின்னால் தெரிந்தது. ஆனால் யார் சரி என்பதைத் தீர்க்க இருவர் பெட்டியிலும் எதுவும் போதவில்லை. அடுக்கு அடுக்காக நிலத்தில் நடந்து, எதன் மேல் எது படிந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் வரவேண்டியிருந்தது. அப்படி நடந்து பார்த்துப் பிரித்த அடுக்குகளில் ஒன்றுக்கு வானூர் மணற்கல் என்றே பெயர். பேருந்துக்குக் காத்திருக்கும் ஆட்களும் ரியல் எஸ்டேட் பலகைகளும் நிறைந்த இந்தச் சின்ன ஊரின் பெயரைப் புவியியல் மாணவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள் என்பதில் எனக்கு அற்பமாக ஒரு பெருமை.

திமிங்கலத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் மூன்று விதமான நிலம் இருக்கிறது. முதலாவது வானூர் மணற்கல்லும் அதற்கு மேலுள்ள வழுதாவூர் அடுக்குகளும்: கடலில் படிந்தவை, சுறாப் பல்கூடக் கிடைத்திருக்கிறது, ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. திமிங்கலம் என்ற விலங்கே அப்போது இல்லை. அதன் மூதாதைகள் இமயமலை அடிவாரத்திலும் கட்ச்சிலும் இன்றைய பாகிஸ்தானிலும் நான்கு காலோடு தண்ணீரில் இறங்கத் தொடங்கியது 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இரண்டாவது திருவக்கரை மணற்கல்: அதன் காலத்தில் கடல்களில் திமிங்கலங்கள் தாராளமாக நீந்தின, ஆனால் இந்த மணல் ஆறு கொண்டுவந்து போட்டது, இதில் மருதின் உறவும் பயற்றங்குடும்பத்து மரங்களும் கிடைக்கும், கடல் விலங்கு கிடைக்க ஏறக்குறைய வழியே இல்லை. மூன்றாவது, யாரும் மதிக்காத, பெயர்ப்பலகை இல்லாத நிலம்: மரக்காணத்துக் கருப்புச் சேறு. கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல் ஏறி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் இன்றைய மட்டத்துக்குச் சற்று மேலேயே நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கியபோது விட்டுப்போனது. கழுவெளி என்ற சதுப்பு நிலம் அந்தப் பின்வாங்கலின் மிச்சம். எடையன்திட்டு முகத்துவாரம் வழியாக இன்னமும் கடலோடு பேச்சுவார்த்தை வைத்திருக்கிறது. 2021இல் அதன் 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்த வட்டாரத்தில் உண்மையான திமிங்கல எலும்பு மண்ணுக்குள்ளிருந்து வரவேண்டுமென்றால், அது வரக்கூடிய ஒரே இடம் இந்த மூன்றாவது நிலம்தான். அதாவது கோடிகள் உள்ள இடத்தில் திமிங்கலம் இல்லை. திமிங்கலம் இருக்கக்கூடிய இடத்தில் கோடிகள் இல்லை. சில ஆயிரம்தான்.

சில ஆயிரம் என்று சொன்னதும் கேட்பவர் முகம் வாடுவதைக் கவனித்திருக்கிறேன். குமரிக்கண்டத்தில் தொடங்கி எண்களைப் பெருக்கிப் பழகிய நமக்கு மூவாயிரம், ஐயாயிரம் எல்லாம் சில்லறை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் குன்னம் பக்கம் குளத்தைத் தூர்வாரும்போது உருண்டையான கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. கடலடியில் கனிமம் திரண்டு உருண்டையான கற்கள், முட்டை இல்லை என்று புவியியல் தெரிந்தவர்கள் சொன்னபோது கூட்டம் கலைந்துவிட்டது. பெரம்பலூரில் கடல் இருந்தது என்ற செய்தி கடந்துபோகிறவர்களுக்குப் போதவில்லை. அதற்குள் ஒரு டைனோசர் வேண்டியிருந்தது. இந்தப் பசி எனக்குப் புரியாமலில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் தாய்லாந்தின் சமுத் சாக்கோனில் நடந்ததைப் பாருங்கள். அதுவும் உப்பளக் கரைதான். கடலிலிருந்து 12 கிலோமீட்டர் உள்ளே, சேற்றில், பன்னிரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள பிரைடு திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. கதிரியக்கக் கரிமக் கணக்கில் வயது 3,380 ஆண்டுகள். சில்லறை வயதுதான். ஆனால் அது கிடந்த இடம் சரியாகத் தெரிந்ததால், மூவாயிரம் வருடத்துக்கு முன் தாய்லாந்து வளைகுடா அவ்வளவு தூரம் உள்ளே இருந்தது என்பதற்கு எலும்பே எல்லைக்கல்லாக நின்றது. மரக்காணத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் கழுவெளி எப்போது கடலாக இருந்தது, எப்போது கழியானது என்பதில் ஒரு புள்ளியை அடித்து நிறுத்தலாம். எனக்கு இது டைனோசரைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடையாளம் காண்பது என்ற வேலைக்குச் சில கைப்பழக்கங்கள் உண்டு. எல்லாமே பாதி உண்மைகள். நாக்கால் தொட்டுப் பார்ப்பது: துளை நிறைந்த பழைய எலும்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும், சாதாரணக் கல் பிடிக்காது. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடுவது: முடி கருகும் நாற்றம் வந்தால் உயிர்ப்பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது, அவ்வளவு பழசில்லை. நிறத்தை நம்பக் கூடாது; சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் சில நூறு வருடத்திலேயே எலும்பைக் கறுப்பாக்கிவிடும். கனத்தையும் நம்ப முடியாது. திமிங்கல விலா உள்ளே பஞ்சுபோல் துளை நிறைந்தது, உயிரோடு இருந்தபோது அந்தத் துளைகளில் எண்ணெய் நிரம்பியிருக்கும். தரையில் நடக்கும் விலங்கின் எலும்பில் இருப்பதுபோல் நடுவில் மஜ்ஜைக் குழாய் இருக்காது. ஆவுளியா என்ற கடற்பசுவின் விலாவோ தந்தம் போல இறுகியது, கையில் எடுத்ததுமே கல்லாகிவிட்டது என்று தோன்றும். அது உயிரோடு மேய்ந்த நாளிலும் அப்படித்தான் இருந்தது. பாக் நீரிணையில் இன்றும் மேயும் விலங்கு வேறெங்கும் ஒதுங்கியிருக்காது என்று யார் சொல்வது? முதுகெலும்புத் துண்டு என்றால் கொஞ்சம் சுலபம். இளந்திமிங்கலமாக இருந்தால் துண்டின் இரு முகத்திலும் வட்டத் தட்டு ஒன்று தனியே கழன்று வரும். முதிர்ந்த பிறகுதான் அது எலும்போடு ஒன்றாகிறது. செத்தது குட்டியா கிழமா என்பது இப்படித் தெரிந்துவிடுகிறது. விந்தை என்னவென்றால், எத்தனை வருசம் என்று துடிப்போடு கேட்பவர்களில் ஒருவர்கூட இந்த வயதைக் கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசுவது காதெலும்பு. திமிங்கலத்தின் காதெலும்பு சங்கின் வடிவில், உடம்பிலேயே மிக அடர்த்தியானதாக இருக்கும்; மற்றதெல்லாம் கரைந்தபின்னும் நிற்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பசிபிக் ஆழத்தில் வலைவீசி இழுத்தபோது மாங்கனீசுக் கட்டிகளோடும் சுறாப் பற்களோடும் திமிங்கலக் காதெலும்புகள் வந்துகொண்டே இருந்தன. இனம் சொல்ல அது போதும். ஆனால் சேகரிப்பவர் கண்ணில் அது எலும்பாகவே படாது, கூழாங்கல் என்று எறிந்துவிடுவார். அவர் எடுப்பது பெரியதை. எடுத்ததும் செய்யும் முதல் வேலை அதைக் கழுவுவது. பழைய பல்துலக்கியும் சோப்புத்தூளும் கொண்டு ஒவ்வொரு துளையிலிருந்தும் சேற்றைச் சுரண்டி எடுக்கிறார். அந்தச் சேற்றில்தான் ஃபோராமினிஃபெரா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் இருந்தன. திறந்த கடலா, உப்பங்கழியா, எந்த மாதிரித் தண்ணீர் என்று சொல்லக்கூடியவை. சாக்கடையில் போய்விட்டன. அதன் மேல் வார்னிஷ். வார்னிஷும் கரிமம்தான், அது ஊறிய எலும்பைக் கரிமக் கணக்குக்கு அனுப்பினால் வேறொன்றின் வயதும் கலந்து வரும். வார்னிஷ் இல்லாவிட்டாலும் கடல் எலும்பின் கணக்கு நேர்க்கணக்காக இருக்காது. ஆழ்கடல் நீரிலுள்ள கரிமம் பழையது, அதை உண்டு வளர்ந்த உடம்பும் பழையதாகவே பதியும். செத்த அன்றைக்கே ஒரு திமிங்கலத்தை அளந்தால் ஏறத்தாழ 400 வயது காட்டும். பழமை வேண்டும் என்று ஏங்குபவர்களுக்குக் கடல் இனாமாகக் கொடுக்கும் நானூறு வருடம்.

சேகரிப்பவரைக் குறைசொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அவர் குனியாவிட்டால் அந்த எலும்பு பாத்தி வெட்டும் மண்வெட்டியிலோ ஜேசிபியின் பல்லிலோ போயிருக்கும். லூசியானாவில் 1832இல் மழையில் சரிந்த குன்றிலிருந்து வெளிவந்த முதுகெலும்புத் துண்டுகளில் ஒன்றை பிரை என்ற நீதிபதி ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பாதிருந்தால் பழங்காலத் திமிங்கலத்தைப் பற்றிய பேச்சே அங்கே தள்ளிப்போயிருக்கும். அங்கே ஹார்லன் என்ற ஆய்வாளர் அதைப் பார்த்துப் பெரும்பல்லி என்று முடிவுசெய்து பாசிலோசாரஸ் என்றார். சில வருடத்தில் ரிச்சர்ட் ஓவன் பல்லை ஆராய்ந்தார். ஒரே பல்லுக்கு இரண்டு வேர், இது பாலூட்டி என்றார். பெயரை மாற்ற முயன்றும் நடக்கவில்லை. முதலில் வைத்ததே நிற்கும் என்ற விதியால் திமிங்கலம் இன்றும் பல்லியின் பெயரோடு திரிகிறது. அலபாமாவில் அதே விலங்கின் துண்டுகளைக் கணப்படுப்பில் விறகு தாங்க வைத்திருந்தார்கள். 1845இல் கோக் என்ற ஆசாமி பல இடத்தில் கிடைத்த பல விலங்குகளின் துண்டுகளைக் கோத்து 114 அடிக் கடல்பாம்பு என்று நியூயார்க்கில் காசு வாங்கிக் காட்டினார். எது எங்கே கிடந்தது என்ற கணக்கு இல்லாதபோது எதையும் எதோடும் கோக்கலாம்.

நம் நாட்டுக் கதை ஒன்று இதைவிட என்னைத் தொந்தரவு செய்கிறது. ஏ. ரங்கராவ் என்ற புவியியலாளர் ஜம்முவின் காலாகோட்டில் சேகரித்த பாறைகளிலிருந்து 1971இல் இந்தோஹியஸ் என்ற சிறு குளம்பு விலங்குக்குப் பெயரிட்டார். உடைக்கப்படாத பாறைகள் பல அவர் காலத்துக்குப் பிறகும் டேராடூன் வீட்டில் கிடந்தன. அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தேவிஸன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வுக்கூடத்தில் பாறையைச் சுத்தம் செய்கையில் காதுப் பகுதி தற்செயலாக உடைய, உள்ளே திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியதாக நினைத்திருந்த தடித்த காதெலும்புச் சுவர் தெரிந்தது. மான்குட்டி அளவுள்ள அந்த விலங்குதான் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு என்ற கட்டுரை 2007இல் நேச்சர் இதழில் வந்தது. எந்தப் பாறை எந்த இடத்தது என்பதை ரங்கராவ் தெரிந்தே எடுத்திருந்தார், அதனால் அத்தனை ஆண்டு கழித்தும் அது பேசியது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவருக்கே அதில் திமிங்கலம் இருப்பது தெரியாது. தெரியாமலேயே சரியாக வைத்துவிட்டுப் போக முடிகிறது.

மரக்காணத்துக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திமிங்கலம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. திமிங்கலத்திலிருந்து வரும் அம்பர்கிரிஸை வைத்திருந்ததாகக் கைதானவர்களைப் பற்றி நம் கடலோர மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். போன மாதம் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம்; கல்லாகிப்போனது என்றால் அது வேறு பொருள், அதற்கென்று இங்கே உருப்படியான தனிச் சட்டம் இல்லை. புவிமரபுச் சின்னங்களுக்கென்று 2022இல் ஒரு வரைவு மசோதா வந்தது. ஆக, எலும்பு பழசாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட அவருக்குக் காரணம் இரட்டிப்பு. மணப்பாட்டை ஒட்டிய கரையில் 1973 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஏறின. 2016 ஜனவரியில் அதே பகுதியில் மறுபடியும் எண்பதுக்கும் மேல். செத்தவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சில பத்தாண்டுகளில் மணல் நகர்ந்து அவை வெளிவரும்போது கறுத்து, கனத்து, நாக்கில் ஒட்டும் எலும்புகளாகவே இருக்கும்.

அதனால் எலும்பை நீட்டுபவரிடம் நான் வயதைப் பற்றிப் பேச மாட்டேன். இன்னும் கழுவவில்லை என்றால் அப்படியே துணியில் சுற்றி வைக்கச் சொல்வேன். பிறகு அந்தப் பாத்தியைப் போட்டவர்கள் யாரென்று விசாரிக்க வேண்டும். உப்பளத்தில் தரையைச் சேறாக்கி, காலால் மிதித்து, இறுக்கிப் பதப்படுத்துபவர்களுக்கு எத்தனை முழத்தில் மணல் முடிகிறது, எங்கே களி தொடங்குகிறது, எந்தக் களி நாறும், எதில் சிப்பி வரும் என்பது பாதத்தில் தெரியும். அவர்களிடம் யாரும் இதுவரை புவியியல் கேட்டதில்லை. வேலை ஓயும் மழைக்காலத்தில் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். ஆனால் அப்போது பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும், இடத்தைக் காட்ட முடியாது. ஜனவரி முடிந்து, பழைய நீரை இறைத்து, சேறு மிதிக்கத் தொடங்கும் நாட்களில் போக வேண்டும்.